கேண்டீன் பலகையில் என் வீட்டுக்காரர்

7.4.1986 திங்கள்

காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும்போது அவர் பக்கத்து வீட்டு ஐயாவுவின் தையல் மெஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலையில் வந்தால் அதே இடம், அதே கைலி, பக்கத்தில் அதே ரேடியோ. மெஷின் ஓடுகிறது, அதையும் சொல்ல வேண்டும். கூலி? இரண்டு பப்பாளி. அதையும் ஐயாவு வற்புறுத்திக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

ஈய விலை விழுந்து சுரங்கத்தை மூடியதிலிருந்து இதே கதைதான். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே ஃபிட்டர் வேலை. வேறு வேலை தேடுங்கள் என்றால் சட்டை மாற்றிக்கொண்டு போகிறார், திரும்பி வருகிறார். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "பார்க்கலாம்னாங்க." அவ்வளவுதான் பதில். ஆனால் இந்தப் பத்தாங் காலியில் எவன் வீட்டுப் பம்பு நின்றாலும் இவருக்குத்தான் முதலில் தகவல் வரும். நான் ரவாங்கில் நாள் முழுக்க மின்விசிறி மோட்டார்களைச் சோதித்துவிட்டு வந்தால், வீட்டுக் கூடத்திலும் யார் யாருடைய மோட்டார்களோ வயிறு திறந்து கிடக்கின்றன.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. பத்து வருடமாக ஊர் கேட்ட கேள்விகளை இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தே தாண்டி வந்தோம். இந்த ஆறு மாதத்தை மட்டும் ஏன் தாண்ட முடியவில்லை?

பப்பாளியை வெட்டி ஆளுக்குப் பாதி தின்றோம். பழுக்கவில்லை. இரண்டு பேரும் அதைச் சொல்லவும் இல்லை.

9.4.1986 புதன்

இன்று சிரித்தேன். எத்தனை நாளாயிற்று!

கேண்டீனில் ஏலப் பட்டியல் மாட்டினார்கள். மாதத்துக்கு ஒரு முறை ஸ்டோர் கணக்கெழுதும் கிராணி தேவதாஸ் மாட்டுவார். கம்பெனிக்கு வேண்டாத மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் அதில் இருக்கும். வேண்டியவர்கள் அந்தந்தப் பொருளுக்குக் கீழே பெயரையும் கேட்கும் விலையையும் எழுதிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை டீ மணி அடித்ததும் தேவதாஸ் பட்டியலை இறக்கிச் சத்தமாகப் படிப்பார். படித்த பிறகு யாரும் பின்வாங்கக்கூடாது, கொடுப்பவரும் சரி, எடுப்பவரும் சரி. எங்கள் சம்பளப் பேச்சில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. தாளின் அடியில் இடம் இருந்தால் நாங்களும் எங்கள் பொருளை எழுதலாம்.

இராஜம்மா தன் பழைய ஸ்டவ்வை எழுதிக்கொண்டிருந்தாள். நீ என்ன விற்கப்போகிறாய் என்று கேட்டாள். எனக்குத்தான் வாய்க்கொழுப்பு சீலையில் வடிகிறதே. பேனாவைப் பிடுங்கி எழுதினேன்:

"கணவர் - ஒன்று. வயது நாற்பது. பழையதானாலும் ஓடும் நிலை. ஆறு மாதமாக ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ரேடியோ இல்லாமல் இயங்காது. எடுத்துச் செல்லும் செலவு எடுப்பவருடையது. - கலாவதி, சோதனைப் பிரிவு."

எங்கள் பிரிவே சிரித்தது. இராஜம்மா மலாய்ப் பெண்களுக்கு விளக்கிச் சொல்ல, அதில் ஒருத்தி, வாங்குவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். மாலைக்குள் கீழே வரிசையாகப் பெயர்கள். ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு. ஒரு சேவல், கால் கொஞ்சம் நொண்டும். "என்னுடையதை வைத்துக்கொண்டு இதைக் கொடு." பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே பேச்சுதான்.

வீட்டு வாசலில் சிரிப்பைத் துடைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. முன்பு என்றால் அவரே இன்னும் இரண்டு வரி சேர்த்துக் கொடுத்திருப்பார்.

10.4.1986 வியாழன்

பட்டியலில் புதிதாக இரண்டு பெயர்கள். இரண்டிலும் சிரிப்பு இல்லை.

ஒன்று லோரிப் பகுதி ஃபோர்மேன் சிவானந்தம். "சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்த தனபாலன்தானே? கோல சிலாங்கூரில் என் அண்ணனுடைய போட் எஞ்சின் பட்டறைக்கு ஆள் வேண்டும். ஞாயிறு வந்து பார்க்கிறேன்." சரி, அது வேலை விஷயம்.

இன்னொன்று நல்லம்மாள் அக்கா. பேக்கிங் பிரிவு. கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வருகிறவர், கணவர் இறந்து மூன்று வருடம். யாரோடும் அதிகம் பேச மாட்டார். குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தார்: "விலை சொல்லத் தெரியவில்லை. ஒரு காலைப் பொழுதுக்கு மட்டும் வேண்டும். - நல்லம்மாள், பேக்கிங்."

கேண்டீன் வெடித்துச் சிரித்தது. ஒரு காலைப் பொழுதுக்கா, போதுமா, என்று பேக்கிங் பெண்களே ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா கடைசி மேசையில் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே நின்றுவிட்டது.

என்ன நினைத்து எழுதினார்?

11.4.1986 வெள்ளி

காலையிலேயே அந்த வரிகளை அடித்துவிட நினைத்தேன். சுற்றிலும் ஆள் இருந்தது. அடித்தால் இன்னும் பேசுவார்களே என்று விட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரி, என் வாயால் நல்லம்மாள் அக்கா அல்லவா கெட்டார்!

தேவதாஸ் வழக்கம் போலப் படித்தார். அலமாரி, இன்னார். நாற்காலி, இன்னார். கடைசியில் "கணவர்" என்று நிறுத்தி, யாருக்கு என்று கேட்டார். அவருக்கும் விளையாட்டுதான். கடைசி மேசையிலிருந்து அக்கா எழுந்து நின்று, "எனக்கு" என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சிரித்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் என்னிடம் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையமர்த்தினார்.

"நீ எழுதினது வெளையாட்டுன்னு தெரியும்மா. நான் எழுதினது வெளையாட்டு இல்ல."

வைகாசியில் மகள் சந்திரிகாவுக்குக் கல்யாணம். பெண்ணைத் தாரை வார்க்க அப்பன் இல்லை. மணையில் ஒரு ஆண் மனைவியோடு உட்கார வேண்டும். மனைவி செம்பிலிருந்து நீர் ஊற்ற, அவன் பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். கைம்பெண் அதில் உட்கார மாட்டாள். அதாவது, உட்கார விடமாட்டார்கள். உட்கார வேண்டியவர் பெரியப்பன் முருகையா. தோட்டத்தில் மண்டோர், கங்காணி வேலை. அவர் சொன்ன பையனுக்குப் பெண்ணைக் கொடுக்கவில்லை என்று, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மண்டோரை மீறித் தோட்டத்தில் ஒரு ஜோடியும் அந்த மணையில் உட்காரத் தயாரில்லை. நாளைக்கு யாருக்கு எந்த மர நிரை பால் வெட்டக் கிடைக்கும் என்பது அவர் கையில் இருக்கிறதே.

ஏன் என் வீட்டுக்காரர் என்று கேட்டேன். போன திருவிழாவுக்குத் தோட்டத்துக் கோயில் தண்ணீர்ப் பம்பைச் சரிபண்ண இவர் போனாராம். மண்டோர் வந்து நின்று அதட்டியபோது எல்லாரும் எழுந்து நின்றார்களாம். இவர் மட்டும் உட்கார்ந்தபடியே வேலையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாராம்.

"அந்த ஆளுகிட்ட உட்கார்ந்தே பேசின ஆம்பளைய நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். எப்படிக் கேக்கிறதுன்னு ஒரு மாசமா தெரியல. நீ பலகையில எழுதியிருந்த. அதான்."

நான் சரி என்றேன். சரி சொல்ல நான் யார்? வீட்டில் அவரிடம் இதை எப்படிச் சொல்வது? முதல் வரியே பலகையில் அல்லவா தொடங்குகிறது.

13.4.1986 ஞாயிறு

சொல்ல வேண்டியதில்லாமல் போயிற்று.

சிவானந்தம் காலையிலேயே வந்துவிட்டார். நல்ல மனிதர், மனதில் ஒன்றும் இல்லை. நான் கோப்பி கலக்கிக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் அவர் சிரிப்பு கேட்டது. "உங்க சம்சாரம் எழுதினதை நீங்க படிச்சீங்களா தனபாலன்?" பிறகு வரிக்கு வரி மனப்பாடமாகச் சொன்னார். ஓடும் நிலை. ஒரே இடத்தில் நிறுத்தி. ரேடியோ. எடுத்துச் செல்லும் செலவு. ஒரு வரியையும் விடவில்லை.

நான் கோப்பியோடு வாசற்படியில் நின்றேன். அவரும் சிரித்தார். விருந்தாளி முன்னால் சிரிக்கிற சிரிப்பு. போட் எஞ்சின் பற்றிக் கேட்டார், யோசித்துச் சொல்கிறேன் என்றார், ரோடு வரை கொண்டுபோய் விட்டு வந்தார்.

வந்ததும் ரேடியோவை நிறுத்தினார்.

"எத்தனை பேர் படிச்சாங்க?"

விளையாட்டுக்குத்தான் எழுதினேன் என்றேன். கேட்டது அதுவல்ல என்றார். எல்லாரும், என்றேன்.

நல்லம்மாள் அக்கா விஷயத்தையும் அப்போதே கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டார். இரவு பரணிலிருந்து கேன்வஸ் கட்டிலை இறக்கிக் கூடத்தில் விரித்துக்கொண்டார்.

14.4.1986 திங்கள்

சித்திரை வருடப்பிறப்பு. பாயசம் வைத்தேன். சாப்பிட்டார்.

18.4.1986 வெள்ளி

வீட்டில் ரேடியோ பாடி ஐந்து நாளாகிறது. ரேடியோ இல்லாமல் இயங்காது என்று எழுதினேன் அல்லவா. இயங்கிக் காட்டுகிறார். ஐயாவு வீட்டுப் பம்பு, கோழிக்கடை ஃபிரிட்ஜ், எல்லாம் சத்தமே இல்லாமல் நடக்கிறது. ரேடியோ பாடும்போது எரிச்சல் பட்ட நானே இப்போது சமையலறையில் தட்டுகளை வேண்டுமென்று உருட்டுகிறேன்.

22.4.1986 செவ்வாய்

பேக்கிங் பெண்களில் ஒருத்தி கெர்லிங். பேச்சு தோட்டத்துக்குப் போய்விட்டது. பலகையும் இல்லை, கல்யாணமும் இல்லை. 'நல்லம்மா கம்பெனியில ஒரு காலைப் பொழுதுக்கு ஆம்பளை கேட்டு எழுதினாளாம்' - அது மட்டும் போயிருக்கிறது.

இன்று மத்தியானம் அக்காவுடன் போய் உட்கார்ந்தேன். அழவில்லை அவர். மீனை முள் எடுத்துத் தின்றுகொண்டே சொன்னார். மண்டோர் முருகையா கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கே போய் இதைச் சொல்லியிருக்கிறார். தாயின் லட்சணம் இது, மகளை எடுக்கப்போகிறீர்களா என்று. அவர்கள் விளக்கம் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பத்திரிகை அடிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

என்மேல் ஒரு வார்த்தை கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நின்றுபோனால் நான் என்ன செய்வேன்? நாலு பேரைச் சிரிக்க வைக்க, பேனா கிடைத்தது என்று - சீ. என்ன பொம்பள நான்.

26.4.1986 சனி

நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். எழுதியது நான், கேட்டது எதற்கு என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். வாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. இத்தனை பேசுகிற வாய்.

அவர் ஒரு நட்டை எண்ணெயில் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

27.4.1986 ஞாயிறு

பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கிறேன், பின்னால் அவர். வெள்ளைச் சட்டை, கல்யாணங்களுக்குப் போடுகிற பேண்ட். இரண்டு டிக்கெட் எடுத்தார். ரவாங்கில் மாறி, பிறகு பத்தாங் பெர்ஜுந்தை வழியாக, வழி முழுக்கச் செம்பனைத் தோட்டம். அவர் ஜன்னலோரம், நான் பக்கத்தில். நடுவில் நான் கொண்டுபோன பழப்பை.

மாப்பிள்ளையின் அம்மா பெயர் சின்னம்மா. லயத்து வீட்டு வாசலில் எங்களை நிறுத்தி வைத்தே பேசினார். நான் ஆரம்பித்தேன். தொடக்கத்திலிருந்து, ஏலப் பட்டியல், ஸ்டவ், பேனா என்று சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, இவரையே பார்த்தார். சொந்த சம்சாரம் இப்படி எழுதினால் ஒரு ஆம்பளை சும்மா இருப்பானா, இதில் வேறு ஏதோ இருக்கிறது என்றார்.

அவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"என்னைத்தான் எழுதினா. கோபம் எனக்கு இருக்கு, அது எங்க வீட்டோட. அந்தம்மா கேட்டது தாரை வார்க்க ஒரு ஆளு. வேற ஒண்ணும் இல்ல. நானும் இவளும் வந்து உட்கார்றோம். நீங்க பத்திரிகை அடிங்க."

சின்னம்மா வாசலை விட்டு விலகி நின்றார். பிறகு உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். பெண்ணைப் பிடித்துத்தான் கேட்டோம், ஊர் வாயை மூட ஒரு பதில் வேண்டியிருந்தது என்றார். எல்லாம் சரி, ஆனால் முகூர்த்த நேரத்தில் மணை காலியாக இருந்தால் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுவோம் என்றும் சொன்னார். அதில் சிரிப்பு இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு மனது நிறைந்திருந்தது. நானும் இவளும் என்றாரே. பழப்பையும் இப்போது நடுவில் இல்லை. வந்ததற்கு நன்றி என்பது போல ஏதோ சொன்னேன்.

"அந்தப் பொண்ணுக்காக வந்தேன்" என்றார்.

மீதி வழி முழுக்கச் செம்பனையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

4.5.1986 ஞாயிறு

கோல சிலாங்கூர் போய்ப் பட்டறையைப் பார்த்துவிட்டு வந்தார். வேலையை ஒப்புக்கொண்டாராம். ஜூன் மாதம் ஆரம்பம். தினமும் போய்வர முடியாத தூரம், அங்கேயே தங்க வேண்டும். ஆற்றோரம் ஒரு வீடு இருக்கிறதாம்.

எத்தனை நாளாக இந்த வேலைக்கு ஏங்கினேன். இப்போது ஜூனுக்கு எத்தனை நாள் என்று எண்ணுகிறேன். நீங்கள் மட்டுமா என்று கேட்கவில்லை. சாமான் எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"லோரி அவங்களே அனுப்புறாங்க. எடுத்துட்டுப் போற செலவு அவங்களுது."

முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

13.5.1986 செவ்வாய்

நோன்பு மாதம். மலாய்ப் பெண்கள் கேண்டீனுக்கு வருவதில்லை. பலகையில் இந்த மாதப் பட்டியல் தொங்குகிறது. அடியில் இடம் காலியாக இருக்கிறது. யாரோ, "கலா, இந்த மாசம் சரக்கு இல்லையா லா?" என்றாள். எழுந்து வந்துவிட்டேன்.

17.5.1986 சனி

அக்கா வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் தட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சந்திரிகாவும் வந்தாள். பயந்த பெண் என்று நினைத்திருந்தேன். இல்லை. நேராக அவரிடம் போய், அப்பா இடத்தில் வந்து நில்லுங்கள் என்று காலில் விழுந்தாள். அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார், கையெல்லாம் கிரீஸ். கிரீஸ் படாமல் மணிக்கட்டால் அவள் தலையைத் தொட்டார்.

அந்த மாதிரி அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. ஒரு மகள் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும். சமையலறையில் போய் நின்றுகொண்டேன்.

24.5.1986 சனி

நாளைக்கு. கூறைப்புடவையை எடுத்து வெளியே போட்டிருக்கிறேன்.

எனக்கு ஒரு பயம். எழுதவே கை வரவில்லை. தாரை வார்க்கிற ஜோடி பிள்ளை பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்பார்கள். நாளைக்கு எவளாவது ஒருத்தி அதை எடுப்பாள். அக்கா கேட்டபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டாரா?

அவர் கூடத்தில், கட்டிலில். விழித்துக்கொண்டிருக்கிறார், கேன்வஸ் சத்தம் கேட்கிறது.

25.5.1986 ஞாயிறு

முழுவதையும் எழுத வேண்டும்.

தோட்டத்துக் கோயில் பந்தல். நாங்கள் போனபோதே கூட்டம். மாப்பிள்ளை வீட்டார் கோல சிலாங்கூரிலிருந்து பஸ் வைத்து வந்திருந்தார்கள். பூசை செய்யும் பண்டாரம் எங்களை மணையில் உட்காரச் சொன்னார். அவர் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். செம்பை என் கையில் கொடுத்தார்கள். நல்லம்மாள் அக்கா பந்தலுக்குள் வரவில்லை. சமையல் கொட்டகை வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், பெற்றவள்.

அப்போது மண்டோர் முருகையா வந்தார். பட்டு வேட்டி, பின்னால் மனைவி. வரமாட்டேன் என்றவர் மணையில் உட்காரும் அலங்காரத்தோடு வந்திருந்தார். பந்தலில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். அவரைக் கண்டால் எழுவது அவர்களுக்குப் பழக்கம்.

நான் பயந்தது அந்த ஒரு வார்த்தைக்கு. அதை யாரும் சொல்லவில்லை. பலகைக் கதை முழுவதும் இதற்குள் மண்டோர் காதுக்கும் போயிருந்தது; அவர் சொன்னதெல்லாம் நானே எழுதிக் கொடுத்தது.

"பொண்டாட்டியே வெல போட்டுப் பலகையில மாட்டின ஆளு இவரு. அவ கையால ஊத்துற தண்ணியில எங்க வீட்டுப் பொண்ணு போகணுமா? வேணும்னா இவரு உட்காரட்டும், நான் ஒண்ணும் சொல்லல. செம்பு என் சம்சாரம் கையில இருக்கட்டும்."

மண்டோர் மனைவி கையை நீட்டினாள். மாப்பிள்ளைப் பக்கம் முணுமுணுப்பு. சின்னம்மா மகனைப் பார்த்தார், பிறகு பஸ் நிற்கிற பக்கம் பார்த்தார். பண்டாரம் கடிகாரத்தைப் பார்த்தார்.

மணை காலியாக இருந்தால் திரும்பிவிடுவோம் என்று சின்னம்மா சொன்னது காதில் கேட்டது. இவர் உட்கார்ந்திருந்தால் போதும், மணை காலி இல்லை. நான் எழுந்தால் கல்யாணம் நடக்கும். எழுதிய கைக்கு இது வேண்டியதுதான். செம்பைக் கீழே வைத்து எழுந்தேன் - பாதிதான் எழுந்தேன். என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. அவர் கை.

"உட்காரு" என்றார்.

பிறகு மண்டோரை நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, அவசரமில்லாமல், பம்பைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

"எழுதினது நெசந்தான் அண்ணே. ஆனா எழுதினதுல ஒரு தப்பு இருக்கு. ஒண்ணுன்னு எழுதிட்டா. இது செட்டு லா. பிரிச்சு எடுக்க முடியாது."

முதலில் சிரித்தது சின்னம்மா. அப்புறம் மாப்பிள்ளை. அப்புறம் எழுந்து நின்றவர்களில் யாரோ, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மண்டோர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். சந்திரிகா யாரையும் பார்க்காமல் தன் கையை எங்கள் பக்கம் நீட்டினாள். நேரமாகிறது என்றார் பண்டாரம்.

அவள் கையை அவர் மாப்பிள்ளை கையில் வைத்தார். நான் ஊற்றினேன். பாதித் தண்ணீர் அவர் முழங்காலில். கொட்டகைப் பக்கம் பார்த்தேன். நல்லம்மாள் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். முருகையா எங்கும் போகவில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. கெர்லிங் பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நிற்கும்போது, நான் செய்தது தப்புதான் என்றேன். இத்தனை நாளில் அந்த வார்த்தையை அவரிடம் நேராகச் சொன்னதே இல்லை என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வெல போட்டதுக்கு இல்ல கலா. அது சிரிப்பு, எனக்கும் தெரியும். ஆறு மாசமா நிறுத்தி வெச்சிருக்குன்னு எழுதின பாரு. நானா நின்னேன்?"

சுரங்க வாசலில் பூட்டுப் போட்ட அன்று அவர் டிபன் கேரியரோடு திரும்பி வந்தது ஞாபகம் வந்தது. அன்று நான் என்ன கேட்டேன்? சோறு ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். ஆறு மாதத்தில் அவர் போன பட்டறைகள், நின்ற வாசல்கள், 'பார்க்கலாம்' என்று சொன்னவன் எந்த முகத்தோடு சொன்னான் - ஒன்றும் கேட்டதில்லை.

"இல்லங்க. நீங்க நிக்கல" என்றேன். ரோட்டில் நின்றே அழுதேன். பஸ் வந்தது, ஏறினோம்.

இன்றும் கட்டிலைக் கூடத்தில்தான் விரித்திருக்கிறார்.

2.6.1986 திங்கள்

விடிகாலையில் லோரி வந்தது. கருவிப்பெட்டி, இரண்டு பெட்டி துணி, ஒரு சட்டி. கேன்வஸ் கட்டிலையும் ஏற்றவா என்று லோரிக்காரன் கேட்டான். அங்கே வேறு இருக்கிறது, வேண்டாம் என்றார். ரேடியோவை நானே துணியில் சுற்றி எடுத்து வந்து கொடுத்தேன். அதையும் வாங்கவில்லை.

சனிக்கிழமை வருவேன் என்றார். வருவாரா?

வீடு பெரிதாக இருக்கிறது. கூடத்தில் ஒரு மோட்டார்கூட இல்லை. பெருக்க வசதியாக இருக்கிறது என்று பெருக்கினேன். இரண்டு முறை.

7.6.1986 சனி

வந்தார். நோன்புப் பெருநாள் கூட்டம், ரவாங்கிலிருந்து நின்றுகொண்டே வந்தாராம். பையில் காய்ந்த மீன், சட்டையில் டீசல் வாடை, முகம் கறுத்திருக்கிறது. கோபம் இருக்கிறதா போய்விட்டதா தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று கூடத்தில் கட்டிலை விரித்து வைத்திருந்தேன்.

நான் பட்டறையைப் பற்றிக் கேட்டேன். பாதியில் நிறுத்தாமல் கேட்டேன். எஞ்சின் எத்தனை குதிரைச்சக்தி, முதலாளி எப்படி, மத்தியானம் எங்கே சாப்பிடுகிறீர்கள். அவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு எஞ்சின் விஷயம் பாதி புரியவில்லை. ஆற்றோர வீட்டில் இரண்டு அறை இருக்கிறதாம், அடுப்படி வெளிச்சமாக இருக்கிறதாம். அடுப்படியைப் பற்றி அவர் எதற்கு எனக்குச் சொல்ல வேண்டும்?

எழுந்து போகும்போது கட்டிலில் கால் இடித்துக்கொண்டார். "இத ஏன் வழியில விரிச்சு வெச்சிருக்க?" என்றார். மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்தினார்.

பிறகு ரேடியோவைப் போட்டார்.

11.6.1986 புதன்

பெருநாள் விடுமுறை முடிந்து இன்று வேலை. அவர் விடிகாலை பஸ்ஸில் போய்விட்டார்.

கேண்டீனில் புதுப் பட்டியல் மாட்டினார்கள். அடியில் இடம் இருந்தது. நான் பேனாவோடு போனதும் பேச்சு நின்றுவிட்டது. நல்லம்மாள் அக்கா கடைசி மேசையிலிருந்து என்னைப் பார்த்தார். தேவதாஸ் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டு, இது விளையாட்டு இல்லையே என்று கேட்டார்.

இல்லை என்றேன். எழுதினேன்:

"கேன்வஸ் கட்டில் - ஒன்று. ஏப்ரலிலிருந்து ஒருவர் மட்டும் படுத்தது. நல்ல நிலை. இனி எங்களுக்குத் தேவையில்லை. - கலாவதி, சோதனைப் பிரிவு."